பலூனா, கம்பியா

தரையிலிருந்து வெகு உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பவனுக்கு முதலில் கெடுவது கண்ணாக இருக்கும், இல்லாவிட்டால் முதுகாக இருக்கும் என்று சொல்வார்கள். எனக்குக் கண்ணும் முதுகும் நன்றாகவே இருந்தன. கெட்டது வேறு இடம்.

ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். எண்பதுகளின் கடைசி. எனக்கு ஐம்பது முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பூன் லேயில் அடுக்குமாடி வீடு. காலையில் புளோக்குக்குக் கீழே கம்பெனி பஸ் வரும். பட்டறைக்குப் போய் ஏணியில் ஏறிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டு மணி அடிக்கும் வரை இறங்குவது கிடையாது. அவசரத்துக்கு எல்லாக் கிரேன்காரர்களும் காலுக்கடியில் ஒரு காலி ஆரஞ்சு பாட்டில் வைத்திருப்போம். இதை நாங்கள் வெளியே சொல்வதில்லை.

என் தொல்லை பாட்டிலோடு தீரக்கூடியதாக இல்லை. இதோ இப்போதே என்று அடிவயிற்றில் முட்டும். பதறிப்போய் எழுந்து நின்றால் ஒன்றும் வராது. கூரையைப் பார்ப்பேன். கடலைப் பார்ப்பேன். வேறு எதையாவது நினைத்துப் பார்ப்பேன். குழாயில் தண்ணீர் விழுவதுபோல வாயால் சத்தம்கூடச் செய்து பார்த்திருக்கிறேன். சொட்டுச் சொட்டாக ஏதோ வரும். உட்கார்ந்து கைப்பிடியைத் தொட்டால் மறுபடியும் முட்டும்.

ஒரு நாள் காலை, கப்பலின் பக்கவாட்டுக்கு வேண்டிய பெரிய இரும்புத் தகடு ஒன்றைத் தூக்கிப் பாதி வழியில் கொண்டுவந்திருந்தேன். அப்போது முட்டியது. தகட்டை அப்படியே நிறுத்திவிட்டு எழுந்து நின்றேன். தகடு ஆகாயத்தில் தொங்குகிறது, நான் கூண்டில் நிற்கிறேன், இரண்டு பேருக்கும் எந்த முன்னேற்றமும் இல்லை. கீழே கொடி காட்டும் மலாய்க்காரர் வாக்கி-டாக்கியில், “கிரேன் ரோசாக் கா?” என்று கேட்டார். கெட்டுப்போச்சா என்று அர்த்தம். கெட்டது கிரேன் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? அந்த வாக்கி-டாக்கியைப் பட்டறையே கேட்டுக்கொண்டிருக்கும். “ஓகே, ஓகே, ஒன் மினிட்” என்றேன். அந்த ஒரு நிமிஷம் முடிவதற்குள் ஃபோர்மேன் கீழே வந்து, வெல்டிங்காரர்கள் வந்து, சாப்பாடு விற்கும் அம்மா வந்து, எல்லாரும் கழுத்தை நிமிர்த்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேர் பார்க்கும்போது வருகிறதுகூட நின்றுபோகும். எனக்கு வருவதாகவே இல்லை.

மறுநாளே கம்பெனி டாக்டரிடம் போனேன். அவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். என் மனைவிக்கு அதில் உடன்பாடில்லை. அவள் கணக்கில் எனக்கு வந்திருப்பது சர்க்கரை வியாதி. நான் அடிக்கடி எழுந்து போவதைப் பார்த்துத் தானே முடிவு செய்து, ஒரு மாதமாகத் தினமும் காலையில் பாகற்காய்ச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தாள். அதையும் சேர்த்துக் குடித்ததில் எழுந்து போவது இன்னும் கூடியிருந்தது. அதைப் பார்த்து, “பாருங்க, நோய் முத்துது” என்று சாற்றையும் கூட்டினாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, சிறுநீர்க் கோளாறுகளுக்கான பிரிவின் கூடத்துக்குள் நுழைந்து காலியாக இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் திரும்பினார். என் சம்பந்தி.

இவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என் மகளை இவருடைய மகனுக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தேன். கட்டிக்கொடுத்தேன் என்பது சும்மா வாய்வார்த்தை. அவர்களாகவே முடிவு செய்துகொண்டு எங்களிடம் சொன்னார்கள். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவர்கள் கத்தோலிக்கர்கள். கல்யாணம் கோயிலிலா தேவாலயத்திலா என்று இரண்டு வீட்டுக்கும் நடுவில் நடந்த பேச்சுவார்த்தையில் ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் நடுவில் எல்லைக் கோடு போட்டுவிடலாம். கடைசியில் பிள்ளைகள் இரண்டு பேரும் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார்கள். அதிலிருந்து நாங்கள் இரண்டு அப்பாக்களும் ஒருவரிடம் ஒருவர் பயங்கர மரியாதையாக இருந்தோம். சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். தேக்கா சந்தைக்குப் பின்னால் வீடு. தன் தேவாலயத்தில் தமிழ்ப் பாடற்குழுவை நடத்திவந்தார். கணீரென்ற குரல். “சாப்பிட்டீங்களா?” என்று கேட்டால்கூடக் கேள்வித்தாளில் முதல் கேள்வி மாதிரி இருக்கும்.

“வாங்க சம்பந்தி,” என்றார், கல்யாண வீட்டு வாசலில் நின்று வரவேற்பதுபோல. “என்ன இந்தப் பக்கம்?”

“பிரஷர் பாக்கலாம்னு வந்தேன். நீங்க?”

“கண்ணு. கொஞ்ச நாளா மங்கலாத் தெரியுது.”

எங்கள் தலைக்கு மேலே சுவரில், சிறுநீரகத்திலிருந்து கடைசிக் குழாய் வரை வண்ணம் தீட்டி ஒரு பெரிய படம் மாட்டியிருந்தது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தோம்.

அப்போது ஒரு தமிழ் மிஸ்ஸி வந்தாள். அந்தக் காலத்தில் நர்ஸை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். சின்னப் பெண். கையில் இரண்டு பிளாஸ்டிக் கூஜா நிறையத் தண்ணீர். எங்கள் முன்னால் ஆளுக்கு ஒன்றாக வைத்தாள்.

“அங்கிள் ரெண்டு பேரும் இத ஃபுல்லா குடிங்க. நல்லா முட்டிக்கிட்டு வந்ததும் என்கிட்ட சொல்லுங்க, மெஷின்ல போகணும். அதுக்கு முன்னாடி டாய்லட்டுக்கு ஓடிடாதீங்க லா.”

அவள் போனாள். குடித்தோம். பாதிக் கூஜா காலியானதும் அவர் சொன்னார், “கண்ணுக்கு நீர்ச்சத்து ரொம்ப முக்கியம்னு சொல்றாங்க.”

“பிரஷருக்கும் அப்படித்தான் சொல்றாங்க,” என்றேன்.

முட்டுவதற்கு எங்களுக்கு நேரம் பிடிக்கவில்லை. அதுதானே எங்கள் வியாதி. ஆனால் இருந்தது ஒரு மெஷின். அதை வைத்திருந்த அறையும் ஒன்று.

“நீங்க போங்க சம்பந்தி,” என்றார் அவர், ஒரு காலின் மேல் இன்னொரு காலை இறுக்கிப் போட்டபடி.

“அது எப்படி? நீங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க. நீங்க முதல்ல போங்க.”

“பொண்ணு குடுத்தவங்களுக்குத்தான் முதல் மரியாதை.”

“வயசுல நீங்க மூத்தவங்க.”

“அவ்வளவு ஒண்ணும் இல்லையே!”

எனக்கு நெற்றியில் வியர்த்துவிட்டது. அவருக்குக் குரலில் இருந்த கணீர் போய்விட்டது. இரண்டு பேரும் எழுந்து நின்று ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு, நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி ஆடிக்கொண்டிருந்தோம். மிஸ்ஸி ஓடிவந்து, “ஐயோ, யாராவது ஒருத்தர் போங்க லா!” என்று சத்தம் போட்டதும் அவர் உள்ளே பாய்ந்தார்.

அந்த மெஷின் ஒரு புனல். அதில் போனால், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பக்கத்தில் ஒரு காகிதத்தில் கோடு இழுக்கும். வாலிபனுக்கு அந்தக் கோடு மலை மாதிரி ஏறி இறங்கும் என்று மிஸ்ஸி சொன்னாள். என் கோடு காகிதத்தின் அடியிலேயே ஊர்ந்து போயிருந்தது. நான் வெளியே வந்தபோது சம்பந்தி தன் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சற்றுத் தயங்கிவிட்டு, “உங்களுக்கு எப்படி வந்திருக்கு?” என்று கேட்டார். காட்டினேன். அவருடையதையும் காட்டினார். பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுத்த அன்று பையன்கள் மதிப்பெண் பார்ப்பதுபோல இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இரண்டு பேரும் ஃபெயில்.

“கண்ணு நல்லாத்தான் தெரியுது போல,” என்றேன்.

அவர் சிரித்தார். கல்யாணம் முடிந்து இத்தனை நாளில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

டாக்டர் சீனர். பொறுமைசாலி. முதல் நாள் எங்களைத் தனித்தனியாகப் பார்த்தார். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, கையுறை மாட்டிய விரலால் உள்ளே சோதித்தார். அதைப் பற்றி நானும் சம்பந்தியும் எத்தனையோ விஷயம் பேசிய பிறகும் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பல சோதனைகள் செய்து, புற்றுநோய் மாதிரி எதுவும் இல்லை, ப்ராஸ்டேட் பெருத்திருக்கிறது, வயதானால் வருவதுதான் என்று இரண்டு பேருக்கும் சொல்லியனுப்பினார்.

அடுத்த தடவை இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே போனோம். சம்பந்திதான், “தனியாப் போனா பாதி மறந்துடுது, நீங்க பாதி கேளுங்க, நான் பாதி கேக்கிறேன்” என்று சொல்லியிருந்தார். டாக்டர் எங்களைப் பார்த்து, அண்ணன் தம்பியா என்று கேட்டார். அவர் பையனும் என் பெண்ணும் என்று விரலைக் காட்டிக் காட்டி விளக்கினேன். டாக்டருக்குப் புரிந்ததும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, “ஓ, சின்கே!” என்று சிரித்தார். ஹொக்கியன் பாஷையில் சம்பந்திக்கு அதுதான் வார்த்தை. தன் சின்கேயோடு ஒருவர் இந்த அறைக்குள் வருவதைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார்.

பிறகு விளக்கினார். அந்தக் காலத்தில் வயிற்றைக் கிழித்துச் செய்வார்கள். எங்களுக்கு அது வேண்டியதில்லை. மாத்திரை இருக்கிறது, ஆனால் சிலருக்குத் தலை சுற்றும். நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். அந்த மாத்திரையின் பேரை எழுதியிருந்த இடத்தில் தானே ஒரு கோடு போட்டுவிட்டார்.

மிச்சம் இரண்டு வழி. இரண்டிலும் வெளியே கத்தி படாது. ஒன்று கம்பி. சிறுநீர் வருகிற வழியாகவே விளக்கு வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டு, நுனியில் மின்சாரம் பாய்கிற கம்பி வளையத்தால் அடைத்துக்கொண்டிருக்கும் சதையைச் சீவிச் சீவி எடுப்பது. சில நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும், குழாய் மாட்டியிருக்கும், இரத்தம் வரும், வீட்டுக்குப் போனாலும் சில வாரம் பாரம் தூக்கக்கூடாது. ஆனால் பல வருஷமாகச் செய்து பழகியது. இன்னொன்று பலூன். அது புதுசு. சுருங்கின பலூனை அந்த வழியாகவே விட்டு, அடைப்பு இருக்கிற இடத்தில் ஊதிப் பெரிதாக்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்துவிடுவது. மறுநாள் வீட்டுக்குப் போய்விடலாம். எவ்வளவு நாளைக்குத் தாங்கும் என்று யாருக்கும் இன்னும் சரியாகத் தெரியாது. எங்கள் இருவருக்கும் ரொம்பப் பெரிதாக வளரவில்லை, அதனால் எதையும் செய்து பார்க்கலாம், நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார்.

கம்பியில் இன்னொரு விஷயம் இருந்தது. அதை மட்டும் தமிழில் சொன்னால்தான் தப்பில்லாமல் புரியும் என்று டாக்டர் அந்த மிஸ்ஸியைக் கூப்பிட்டார். அவள் எங்கள் இருவரையும் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

“அங்கிள், அது வந்து... வீட்டுல... ஆன்ட்டிகூட... எல்லாம் நார்மலாத்தான் இருக்கும். ஆனா கடைசில, வெளிய வராது. ரிவர்ஸ்ல போயிடும்.”

“எது ரிவர்ஸ்ல போகும்?” என்றேன். கிரேன் ஓட்டுகிறவனுக்கு ரிவர்ஸ் என்றால் உடனே ஒரு பயம் வந்துவிடும்.

மிஸ்ஸியின் முகம் இரத்தமாகச் சிவந்துவிட்டது. சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, கரும்பலகை முன்னால் நிற்பவர்போல நிமிர்ந்தார்.

“விந்து பின்னோக்கிப் பாய்ந்து சிறுநீர்ப்பைக்குள் சென்றுவிடும் என்கிறார். பிறகு சிறுநீரோடு வெளியேறும். உடம்புக்குக் கெடுதல் இல்லை. பிள்ளைப்பேற்றுக்குத்தான் இடைஞ்சல்.”

இன்னும் பிள்ளை வேண்டுமா என்று டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். “நோ!” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கத்தினோம். வெளியே கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் நாங்கள் சிராங்கூன் ரோட்டில் ஒரு கோப்பிக்கடையில் சந்தித்தோம். அப்போதுதான் லேக்சைட் வரைக்கும் எம்ஆர்டி ரயில் வந்திருந்தது. வண்டிக்குள் கழிப்பறை கிடையாது என்பதால் நான் பாதி வழியில் இறங்கி ஏறித்தான் வருவேன். கடையில் உட்காரும் மேசையைச் சம்பந்தி தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். கழிப்பறைக் கதவுக்கு நேர் எதிர் மேசை. காற்று சுகமில்லை, ஆனால் மனத்துக்கு நிம்மதி.

நான் பலூன் கட்சி. அவர் கம்பிக் கட்சி.

எனக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான், பயம். உள்ளே மின்சாரக் கம்பி போவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. ஆனால் அவரிடம் அப்படிச் சொல்ல முடியுமா? விஞ்ஞானம் முன்னேறிவிட்டது, புதுசுதான் நல்லது என்று பேசினேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. பையன் தப்பாக எழுதினால் அழித்துவிட்டுத் திருத்தி எழுதச் சொல்ல வேண்டும், தப்பை ஓரமாகத் தள்ளி வைத்தால் சரியாகிவிடுமா என்றார். இந்தச் சுரப்பிக்கு ஏதோ ஒரு பழைய பாடநூலில் ‘முன்னிற்கும் சுரப்பி’ என்று பேர் போட்டிருந்ததாம். அது முன்னே நிற்பதனால்தான் தண்ணீர் பின்னே நிற்கிறது என்று சொல்லிவிட்டு, தானே ரசித்துச் சிரித்துவிட்டு, அந்தச் சிரிப்பில் முட்டிக்கொண்டு எதிர்க் கதவுக்குள் ஓடினார்.

இதற்குள் விஷயம் வீட்டுப் பெண்களுக்குப் போய்விட்டது. இரண்டு சம்பந்தி அம்மாக்களும் அதுவரை பண்டிகைக்குப் பண்டிகைதான் பேசிக்கொள்வார்கள். இப்போது தினமும் தொலைபேசியில் பேசினார்கள். அவர் மனைவி ஏதோ ஒரு புனிதருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார். என் மனைவி சைனாடவுன் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். சர்க்கரை இல்லை என்று தெரிந்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பலூனைப் பற்றிக் கேட்டதும், “பலூன் ஊதறதுக்கா அத்தன வருஷம் டாக்டருக்குப் படிக்கிறாங்க?” என்றாள்.

ஒரு சனிக்கிழமை சம்பந்தி பால் சேர்க்காத தே ஓவைக் கலக்கிக்கொண்டே கேட்டார், “உங்க பட்டறையில ஒரு குழாய் உள்ளுக்குள்ள துரு ஏறி அடைச்சுக்கிட்டா என்ன செய்வீங்க?”

“சுரண்டி எடுப்போம்.”

“உள்ளுக்குள்ள எதையாவது ஊதி அகலமாக்குவீங்களா?”

தேத்தண்ணீரைக் குடித்தேன். அப்படி யாராவது பட்டறையில் செய்தால் ஃபோர்மேன் அவனை என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் சும்மா விட மனமில்லை.

“அது சரி சம்பந்தி, ஈஸ்டருக்கு நீங்கதானே பாடணும்?”

“ஆமாம். வருஷா வருஷம் நான்தான்.”

“கம்பி போட்டுட்டு வந்து அடிவயித்திலேர்ந்து குரலெழுப்பினா உள்ள தையல் கியல் பிரிஞ்சு ரத்தம் வந்துராது?”

“தையலே கிடையாதே.”

“அதான் சொல்றேன். தையலும் இல்ல. புண்ணு திறந்து கிடக்கும். மேல் ஸ்தாயிக்குப் போறப்ப என்ன ஆகும்னு டாக்டர்கிட்ட கேட்டீங்களா?”

அவர் கலக்குவதை நிறுத்திவிட்டார்.

இரண்டு பேரும் ஒரே வாரத்தில் சேர்ந்துகொள்வது என்று ஏற்கெனவே நாள் வாங்கியிருந்தோம். ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டில் கொடுத்தார்கள். பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு, பின்பக்கம் காற்றோட்டமாகக் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் சண்டை முழுக்க அந்த மிஸ்ஸிக்குத் தெரியும். அவள் இந்த வார்டுக்கே வந்து, அட்டையைப் பார்த்துவிட்டுத் திகைத்தாள்.

“அங்கிள், இங்க ஏதோ மாறிப்போச்சு. நீங்கதானே பலூன்? உங்களுக்குக் கம்பின்னு போட்டிருக்கு. அந்த அங்கிளுக்குப் பலூன்னு இருக்கு.”

“சரியாத்தான் இருக்கு,” என்றேன்.

“சரிதான்,” என்றார் பக்கத்துக் கட்டிலிலிருந்து சம்பந்தி, அதே நேரத்தில்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். நான் அந்தத் துருப்பிடித்த குழாயை நினைத்து நினைத்துத் தூக்கம் வராமல், யாரிடமும் சொல்லாமல் டாக்டருக்குப் போன் செய்து மாற்றியிருந்தேன். அவர் மேல் ஸ்தாயியை நினைத்துத் தூக்கம் வராமல் நேரிலேயே போய் மாற்றியிருந்தார்.

“இத்தனை வாரம் உங்ககிட்டப் பேசினது வீணாப் போகல,” என்றார் அவர், கொஞ்சம் கோபமாக.

“உங்ககிட்டப் பேசினதை நினைச்சாத்தான் எனக்கும் பயமா இருக்கு,” என்றேன்.

மிஸ்ஸி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டாள். அப்புறம் டாக்டரே வந்து, ஆளுக்கு என்ன வேண்டும் என்று எங்கள் வாயாலேயே மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

எனக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே என்னுடையது என்று எதுவும் இல்லாமல் போயிற்று. முழித்துக்கொண்டுதான் இருந்தேன். வலி இல்லை. நான் பயந்த அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. உண்மையான பாடு பிறகுதான். குழாய் மாட்டி, உள்ளே தண்ணீர் பாய்ச்சி, வெளியே பையில் ரோஸ் சிரப் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. எழுந்து நடக்கச் சொன்னபோது அந்தப் பையையும் பெண்கள் கைப்பையைத் தூக்கிக்கொள்வதுபோலத் தூக்கிக்கொண்டு நடந்தேன். இடையிடையே அடிவயிறு சுருட்டி இழுக்கும். அப்போதெல்லாம் துருப்பிடித்த குழாய்க் கதையைச் சொன்னவரை மனத்துக்குள் திட்டினேன்.

அவர் மறுநாளே வீட்டுக்குப் போய்விட்டார். அதற்கடுத்த நாள் வேட்டி சட்டையில், திராட்சைப் பழத்தோடு என்னைப் பார்க்க வந்தார். கட்டில் ஓரத்தில் நின்றுகொண்டு என் பையைப் பார்த்தார். பாவமாக உச்சுக்கொட்டினார்.

“எனக்கு ஒண்ணுமே தெரியல சம்பந்தி. இப்பப் போனா, பத்து வயசுப் பையன் மாதிரி போகுது. நீங்க சொன்னதைக் கேட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு!”

இதைவிடக் கொடுமையாக யாராலும் நன்றி சொல்ல முடியாது.

குழாயை எடுத்த அன்று வார்டே எனக்காகக் காத்திருந்தது. எதிர்க் கட்டில் மலாய் டாக்சிக்காரர், ஓரத்துக் கட்டிலில் மீன் விற்கும் சீனத் தாத்தா, எல்லாருக்கும் என்னுடைய வியாதிதான். கழிப்பறைக்குள் போய் நின்றேன். பழைய பழக்கத்தில் கூரையைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்து முடிப்பதற்குள் வந்துவிட்டது. எரிந்தது, கண்ணில் நீர் வந்தது, ஆனால் அந்தச் சத்தம்! பல வருஷம் கேட்காத சத்தம். கதவுக்கு வெளியே டாக்சிக்காரர், “டெங்கார், டெங்கார்!” என்று மற்றவர்களைக் கேட்கச் சொல்லிக் கூப்பிட்டார். நான் வெளியே வந்தபோது மூன்று கட்டிலிலிருந்து கைதட்டினார்கள். என் கல்யாணத்துக்குக்கூட யாரும் எனக்காக அப்படிக் கைதட்டியதில்லை.

ஈஸ்டருக்குச் சம்பந்தி பாடினார். எங்களையும் கூப்பிட்டிருந்தார். அந்தத் தேவாலயத்துக்குள் நான் கால் வைத்தது அன்றுதான். மேல் ஸ்தாயிக்குப் போனபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார், நானும் மூடிக்கொண்டேன். ஒன்றும் ஆகவில்லை. ஓய்வு முடிந்து நான் கிரேனில் ஏறியபோது, தகடு நடுவழியில் நிற்காமல் நேராகப் போய் இறங்குவதைப் பார்த்துக் கீழே நின்ற மலாய்க்காரர்தான் பயந்துபோனார்.

அதன் பிறகு பல மாதங்கள் போயின. சனிக்கிழமைக் கோப்பிக்கடை தொடர்ந்தது. ஒரு நாள் நான் எம்ஆர்டியில் நடுவில் எங்கும் இறங்காமல் நேராக வந்து, வாசல் பக்கம் காற்று வருகிற மேசையில் உட்கார்ந்தேன். சம்பந்தி வந்தார். “அங்கே உட்காரலாமே” என்று பழைய மேசையைக் காட்டினார். ஏன் என்று கேட்டேன். பழக்கமாகிவிட்டது என்றார். நான் வற்புறுத்தவில்லை.

பேரனுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. மகள் வீட்டு புளோக்கின் கீழே இருந்த திறந்த தளத்தில் மேசை போட்டு, தூணுக்குத் தூண் பலூன் கட்டியிருந்தார்கள். கேக் வெட்டுகிற நேரத்தில் சம்பந்தியைக் காணோம். திரும்பி வந்தார். பாட்டுப் பாடுகிற நேரத்தில் மறுபடியும் காணோம். பாட்டை யார் எடுத்துக் கொடுப்பது என்று தெரியாமல் நானே ஆரம்பித்து, ஸ்வரம் தப்பி, பேரன் அழுதுவிட்டான். கடைசியாக ஒரு தூணருகில் அவரைப் பிடித்தேன். முகம் வாடியிருந்தது.

“பழையபடி ஆயிடுச்சு சம்பந்தி,” என்றார். “தீபாவளிலேர்ந்தே. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு...”

அந்த நேரம் பார்த்து அவர் தலைக்கு மேலே கட்டியிருந்த பலூன் ஒன்று காற்று இறங்கிச் சுருங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

“சிரிக்காதீங்க,” என்றார்.

நான் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு அவருக்கே முதலில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்ததைப் பார்த்து என் மகள், “அப்பா, ரெண்டு பேரும் ஏதாவது குடிச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள். கேட்கும்போதே அவர் கழிப்பறைக்கு ஓடிக்கொண்டிருந்தார்.

டாக்டர் அவரை ஒன்றும் சொல்லவில்லை. சிலருக்கு இப்படித் திரும்பிவிடுகிறது என்பது இப்போதுதான் எங்களுக்கும் தெரிகிறது என்று சொல்லிவிட்டு, கம்பிக்கு நாள் கொடுத்தார். நான் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூடவே இருந்தேன். இந்தத் தடவை நான் கட்டில் ஓரத்தில் நின்றேன், அவர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அடிவயிறு சுருட்டி இழுத்தபோது அவர் வாயிலிருந்து வந்த வார்த்தைகள் எந்தத் தமிழ்ப் பாடநூலிலும் கிடையாது. “அதைக் கொஞ்சம் திருப்பிச் சொல்லுங்க, எழுதி வெச்சுக்கிறேன்,” என்றேன். தலையணையை எடுத்து என் மேல் எறிந்தார். பயங்கர மரியாதை அன்றோடு போயிற்று.

அவர் தேறி, திரும்பவும் பாட ஆரம்பித்த பிறகுதான் எனக்குப் புது வேலை வந்தது. அவருடைய பாடற்குழுவில் ஆண்கள் எல்லாரும் ஐம்பது அறுபது வயதுக்காரர்கள். அதில் ஒருவர் இரண்டு பாட்டுக்கு நடுவில் எங்கே போய்விட்டு வருகிறார் என்று சம்பந்திக்குத் தெரியாமல் போகுமா? அவர்களுக்குத் தானே விளக்கம் சொல்லாமல், “என் சம்பந்தியைக் கேளுங்க, ஒரே தடவையில சரியாத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான்,” என்று என்னைக் காட்டிவிட்டார். பலூனை முதலில் விரும்பியது நான்தான் என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அப்படித்தான் மாரியம்மனைக் கும்பிடுகிற நான், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் தேவாலயத்து முற்றத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, சுற்றிலும் நிற்கும் கத்தோலிக்கப் பெரியவர்களுக்கு உள்ளே போகும் குழாயைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். பயப்படாதீர்கள், டாக்டரிடம் எல்லாவற்றையும் வெட்கப்படாமல் கேளுங்கள், உங்களுக்கு எது சரி என்று அவர்தான் சொல்வார், என் பேச்சைக் கேட்டு முடிவு பண்ணாதீர்கள் என்றுதான் ஒவ்வொரு தடவையும் முடிப்பேன். அவர்கள் தலையாட்டிவிட்டு, “அப்ப, எதைச் செய்யலாம்ங்கிறீங்க?” என்று மறுபடியும் முதலிலிருந்து கேட்பார்கள்.

ஒரு நாள் எல்லாரும் போன பிறகு ஃபாதர் வந்தார். அங்கியோடு மரத்தடியில் நின்று, மழை வரும் போலிருக்கிறது என்றார். வானம் வெயிலில் வெள்ளையாக இருந்தது. பாடல்கள் நன்றாக இருந்தன என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வலிக்குமா?” என்று கேட்டார்.

“முதல் ரெண்டு மூணு நாள் வலிக்கும் ஃபாதர்,” என்றேன். “அப்புறம் வாயெல்லாம் சிரிப்பா இருக்கும்.”

“சரி, சரி. அடுத்த வாரம் உக்காந்து விவரமாப் பேசுவோம்,” என்று சொன்னவர், பேச்சை முடிக்காமலே திரும்பி, அங்கியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் வீட்டுப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். நடை சீக்கிரமே ஓட்டமாயிற்று.

சம்பந்தி அவர் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடுத்த வாரம் வேணாம்,” என்றார். “நாளைக்கே கூட்டிட்டுப் போங்க.”